கோர்வைப் பிழை

வில்லன்களுக்கு எப்போதுமே நல்ல தையற்காரர் அமைந்துவிடுகிறார். எனக்கு அவர்களைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான், மேடம். நாயகன் பட்டன் போன சட்டையும் கலைந்த தலையுமாக விண்கலத்திலிருந்து குதித்து ஓடிவருவான். வில்லன் கசங்காத கறுப்பு அங்கியோடு நின்ற இடத்தில் நிற்பார். நான் கணக்கு டீச்சர். ஒழுங்காக உடுத்தி, குரலை உயர்த்தாமல், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறவர்களிடம் எனக்கு இயல்பாகவே ஒரு மரியாதை உண்டு.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். "முதல்லேர்ந்து எழுதுங்க, எதையும் விட்டுடாதீங்க" என்றீர்கள். சப்-இன்ஸ்பெக்டர் துர்காதேவி என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்த விதமும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. ஆகவே ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். 'ஏழாம் வளையம்' பார்த்ததே இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டதால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அது ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த விண்வெளித் தொடர். நான் அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். சனிக் கிரகத்தின் ஏழாவது வளையத்தில் தமிழர்கள் குடியேறியிருப்பதாகக் கதை. விண்கலமெல்லாம் தெர்மாகோல். பேரரசர் நிசாகரன் வீற்றிருக்கும் சிம்மாசனம், ரிசப்ஷனில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரவைக்கிற நாற்காலி. எந்தக் கல்யாண மண்டபத்திலிருந்து எடுத்துவந்தார்கள் என்பது அதன் காலிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். அதைப் பற்றியெல்லாம் எனக்குக் கவலையில்லை. தன்னைக் கொல்ல வந்த நாயகனைப் பார்த்து நிசாகரன், "வந்தது இருக்கட்டும், சாப்பிட்டாயா?" என்று கேட்டார். அன்றைக்கே நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இரண்டாவது வருஷம் பாதியில் சானல்காரர்கள் தொடரை நிறுத்திவிட்டு அந்த நேரத்துக்குச் சமையல் போட்டி வைத்துவிட்டார்கள். கடைசிக் காட்சியில் நிசாகரன் கலத்தின் கதவைத் திறந்துகொண்டு வெட்டவெளியைப் பார்த்து நிற்கிறார். குதித்தாரா, திரும்பி வந்தாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கு வயிறெரிந்தது. அந்த வாரமே 'நிசாகரம்' என்ற இணையதளத்தைத் தொடங்கினேன்.

ரசிகர் தளம் நடத்துவதை எல்லோரும் பொழுதுபோகாத வேலை என்று நினைக்கிறார்கள். வில்லன்களைப் பற்றியும் அப்படித்தான் தப்பாக நினைக்கிறார்கள். நாயகனுக்கு ஒரு கலமும் ஒரு சிநேகிதனும் இருந்தால் போதும், கதை ஓடிவிடும். வில்லனை யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் வீரர்கள், அவர்களுக்குச் சாப்பாடு, சீருடை, யார் எந்த ஷிப்ட், யாருக்குள் சண்டை, எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு என்று அத்தனையும் அந்த ஒரு மனுஷன் தலையில். வில்லன் என்பவர் உண்மையில் நிர்வாகி. எதையாவது ஒன்றைக் கலைந்துபோகாமல் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் கவலை. இதை நான் தளத்தில் நீளமான கட்டுரையாகவே எழுதியிருக்கிறேன், நேரம் கிடைத்தால் படியுங்கள்.

தளத்துக்கு வந்து முதலில் எழுதிய அந்நியர் காவேரி. "பதினெட்டாம் எபிசோட்ல நிசாகரன் மோதிரம் வலது கையில இருக்குது. கேமரா திரும்புனா இடது கையில இருக்குது. யாருமே பாக்கலையா?" என்று போட்டிருந்தாள். நான் அந்த எபிசோடை அதற்குள் எத்தனையோ முறை பார்த்தவள், எனக்கே தெரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். காஞ்சிபுரம் என்றாள். நான் சின்ன காஞ்சிபுரம், அவள் பிள்ளையார்பாளையம். ஷேர் ஆட்டோ தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஏதோ ஒரு நாட்டில் இருக்கிற சர்வர் வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அவள் அப்பா மயில்வாகனமும் அம்மா வள்ளியும் பட்டு நெய்கிறவர்கள். காவேரி கம்ப்யூட்டரில் தறிக்கு டிசைன் போடுகிறாள். நாள் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பார்க்கிற கண் என்பதால் எங்கே ஒரு கட்டம் பிசகினாலும் அவளுக்கு உறுத்தும். என் அம்மா பெருந்தேவி அவளை உட்காரவைத்து, "தளிகை இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாயிடுத்துடி. இந்தா, சாத்தமுது விட்டுக்கோ" என்றாள். எங்கள் வீட்டில் சமையலுக்குத் தளிகை, ரசத்துக்குச் சாத்தமுது என்றுதான் பெயர். பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள எங்கள் தெருக்களில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

காவேரி சிரித்துவிட்டாள். "இன்னா ஆன்ட்டி, ரசத்துக்கு இம்மாம் பெரிய பேரா? எங்க வீட்ல ரசத்தை யாருமே மதிக்க மாட்டாங்களே."

அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும்தான். அதுவரை எனக்கு அப்படி ஒரு சிநேகிதி இருந்ததில்லை, மேடம். அதை எங்கேயாவது எழுதித்தான் ஆக வேண்டும், இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தளத்தில் 'கோர்வைப் பிழை' என்ற பகுதியைத் தொடங்கியது அவள்தான். சேலையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறொரு நிறத்திலும் நெய்து, இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போவதை அவர்கள் கோர்வை என்கிறார்கள். தறியில் ஒரு ஆள் போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவை ஊடே ஓட்ட வேண்டும். கோர்வை தப்பிய சேலையைப் பிடித்து இழுத்தால் கரை தனியாக வந்துவிடும் என்பாள். தொடரில் முன்னுக்குப் பின் முரணாக வருகிறவற்றை வாராவாரம் பிடித்து அந்தத் தலைப்பில் போடுவாள். நான் கட்டுரை எழுதுவேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த தறி அது.

தொடர் நின்று சில வருஷங்களில் கூட்டம் கரைந்துவிட்டது. ஒரு நாள் காவேரி, "மூடிடலாமா ஸுபா? நம்ம ரெண்டு பேர் மட்டும் மாறி மாறி லைக் போட்டுக்கினு இருக்கோம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சாதம் இறங்கவில்லை.

நல்லவேளையாக அந்த மாதமே புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் சபாபதி வந்தார். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவர். வேலூர்ப் பக்கம் கமலாட்சி என்றொரு அம்மா வந்தார். கணவரை இழந்தவர், எல்லோரிடமும் கனிவாகப் பேசி, ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் கும்பிடும் கை ஒன்று போடுவார். அப்புறம் ஜெயக்குமார். சேலம் பக்கம் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, இன்ஜினியரிங் படித்து, நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை பார்ப்பவர். தளம் மறுபடி கலகலப்பானது. நிசாகரன் பிறவியிலேயே கெட்டவரா, இல்லை அவரைக் கெடுத்துவிட்டார்களா என்று இரண்டு கட்சி உண்டாகி மாதக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். வடகலை, தென்கலை என்று மோதிக்கொள்ளும் எங்கள் தெருவில் பிறந்தவளுக்கு இரண்டு கட்சியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சபாபதி எல்லை மீறியபோது ஒரு வாரம் தடைகூடச் செய்தேன். திருந்தித்தான் திரும்பி வந்தார்.

அப்போதுதான் தேவேந்திரன் பெண் பார்க்க வந்தார்.

கோயம்புத்தூர் ஜரிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. காவேரிக்குப் பிடித்துவிட்டது. "நல்லா சிரிக்கிறார் பா" என்று என்னிடம் சொன்னாள். என்னையும் அழைத்துப்போய் ஒரு ஜூஸ் கடையில் அறிமுகம் செய்துவைத்தாள். அவரும் 'ஏழாம் வளையம்' பார்த்தவராம். நிசாகரனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமலேயே, "வில்லன்னா கடைசில சாவணும், அவ்ளோதானே சிஸ்டர்?" என்றார். இத்தனை வருஷம் யோசித்த ஒரு விஷயத்தை ஒருவர் சாத்துக்குடி ஜூஸோடு சேர்த்து உறிஞ்சிவிட்டுப் போனால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். வரும் வழியில் காவேரி சொன்னாள்: "கல்யாணம் ஆனா கோயம்புத்தூர் போயிடுவேன் ஸுபா. சைட்டை நீயே பாத்துக்கோ."

அன்று மாலை ஜெயக்குமார் அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். தளத்தை விட்டுப் போகப்போகிறீர்களாமே, உங்கள் கோர்வைப் பிழைகளைப் படிப்பதற்காகத்தான் இந்தக் கடலுக்கு நடுவில் ஒருவன் வாரம் முழுக்கக் காத்திருக்கிறான் என்று. மரியாதையான செய்தி. ஒரு வார்த்தை தப்பாக இல்லை. காவேரி பதில் போட்டாள். அவர் அதற்குப் பதில் போட்டார். ஒன்றிரண்டு மாதத்தில் தேவேந்திரன் வீட்டுக்கு வேண்டாம் என்று காவேரி வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேவேந்திரன் இப்போது வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறார், அவருக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விவரம் சேர்க்க வேண்டும். ஜெயக்குமார் நான்தான். சபாபதியும் நான்தான். ஜெயக்குமார் பேரில் இருந்த இரண்டாவது போனை என் கைப்பையிலிருந்தே நீங்கள் எடுத்துவிட்டதால் உங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். எழுத்தில் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதைத் திட்டம் போட்டுச் செய்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை. ஒரு நாள் பதில் எழுதினேன். மறுநாள் அவள் காத்திருப்பாளே என்று எழுதினேன். அதற்கடுத்த நாள், எழுதாவிட்டால் பாவம், கடலில் ஏதாவது விபத்தோ என்று பயப்படுவாளே என்று எழுதினேன். இப்படியே ஆறு வருஷம் போய்விட்டது. யாருக்குமே தெரியாமல் ஒருத்தியைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது எவ்வளவு உழைப்பு என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் ஏன் நேரில் வரவில்லை, ஏன் போனில் பேசவில்லை என்று கேட்டீர்கள். எண்ணெய் மேடையில் தீப்பொறி பயத்தினால் செல்போனுக்கு அனுமதி இல்லை என்று வைத்தேன். பொது அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் டைப் செய்ய மட்டும் முடியும். போட்டோவில் மஞ்சள் தலைக்கவசமும் பாதி முகமும் பின்னால் கடலும் தெரியும். இணையத்தில் சும்மா கிடைத்த படம். அவருடைய ஷிப்ட் நேரத்தை என் பள்ளிக்கூட டைம்டேபிளோடு பொருத்திவைத்தேன். எனக்கு எந்தப் பீரியட் ஓய்வோ அந்தப் பீரியடில் அவருக்கும் ஓய்வு. அவர் பேச்சில் எங்கள் வீட்டு வார்த்தை ஒன்றுகூட வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். சாமியை அவர் சேவிக்க மாட்டார், கும்பிடுவார். அவர் வீட்டில் தளிகை நடக்காது, சமையல் நடக்கும். தமிழ்நாட்டிலேயே கோர்வைப் பிழை பிடிப்பதில் கெட்டிக்காரி ஒருத்தியிடம் ஆறு வருஷம் ஒரு பிழைகூட விடாமல் ஓட்டினேன் என்பதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஜெயக்குமாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று காவேரி வீட்டில் சொல்லி, பெரியவர்கள் பேச வேண்டும் என்று மயில்வாகனம் கேட்டபோதுதான் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. ஜெயக்குமாருக்கு நீலாம்பாள் என்று ஒரு அம்மாவை வைத்தேன். நீலாம்பாளுக்கு ஆஸ்துமா வைத்தேன், அதிகம் பேச வேண்டாமே. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசுவேன். மயில்வாகனம், "சம்பந்திம்மா, உடம்பைப் பாத்துக்கோங்கமா. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லமா, பையன் வரட்டும்" என்பார். அருமையான மனிதர். நீலாம்பாளுக்கு மூச்சுத் திணறுகிறது என்று அவர் அடுத்த நாள் கச்சபேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை வைத்ததாகக் காவேரி சொன்னாள். நீலாம்பாளாகப் பேசிப் பேசிக் கட்டியிருந்த என் தொண்டைகூட அன்றைக்குச் சரியாகிவிட்டது.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை, மேடம். காவேரி என்னிடம் சொல்லாததையெல்லாம் ஜெயக்குமாரிடம் சொல்லத் தொடங்கினாள். சின்ன வயதில் தறிக்குழியில் விழுந்தது, இருட்டு என்றால் இன்னமும் பயம் என்பது, எல்லாம். ஒரு நாள் என்னைப் பற்றியே எழுதினாள். "ஸுபா நல்லவதான். ஆனா எல்லாத்தையும் அவதான் முடிவு பண்ணுவா. எனக்கு மூச்சு முட்டுது" என்று. ஜெயக்குமார் என் பக்கம்தான் பேசியிருக்க வேண்டும். பேசினால் இயல்பாக இருக்காதே என்று, "எனக்கும் அப்படித்தான் தோணுதுங்க" என்று எழுதிவிட்டேன். அப்புறம் எனக்கு அவர் மேல் பயங்கரக் கோபம். சில நாள் அந்தப் போனைத் தொடவே இல்லை. காவேரி அழுது முகம் வீங்கி என்னிடம்தான் வந்தாள். "அவர் மெசேஜே பண்ணல ஸுபா, ஏதாச்சும் ஆயிருக்குமா?" நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, வந்துவிடுவார் என்று சொன்னேன். சாயங்காலம் வந்துவிட்டார்.

கல்யாணச் சேலை விஷயத்திலும் அப்படித்தான். மயில்வாகனமும் வள்ளியும் மகளுக்குத் தங்கள் தறியிலேயே முகூர்த்தப் பட்டு நெய்யத் தீர்மானித்தார்கள். கரையில் ஏழு வளையம் வருகிற மாதிரி டிசைன் காவேரியே போட்டாள். நிறம் என்ன வைக்கலாம் என்று என்னைக் கேட்டாள். மயில்கழுத்துப் பச்சை என்றேன், அவள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். ஜெயக்குமாரையும் கேட்டாள். ஒரு ஆண்பிள்ளை மயில்கழுத்து என்று சொன்னால் சந்தேகம் வரும் என்று, அரக்கு என்றேன். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் அரக்கையே எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்குப் போனால் மயில்வாகனம் ஒரு பக்கமும் வள்ளி ஒரு பக்கமும் உட்கார்ந்து அந்த அரக்குச் சேலையைக் கோர்வை போட்டுக்கொண்டிருப்பார்கள். நான் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருவேன். அவ்வளவு வருஷ சிநேகிதம், ஒரு நிறத்தில் தோற்றுப்போனேன். மனசு விட்டுப்போயிற்று.

கல்யாணத் தேதி பலமுறை தள்ளிப்போனது. ஒருமுறை கம்பெனி ஒப்பந்தம், ஒருமுறை நீலாம்பாளின் ஆஸ்துமா, ஒருமுறை கடலில் புயல். நடுவில் காவேரிக்கு வந்த வரன்களை அவளே திருப்பி அனுப்பினாள். நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மயில்வாகனம் என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்துவிட்டு, "நீ படிச்ச பொண்ணு, சொல்லுமா. பையன் வருவானா? காவேரிக்கும் வயசு ஏறிக்கினே போவுது. போனைப் பாத்துக்கினே உக்காந்திருக்குது" என்றார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஜெயக்குமாரை முடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். மேடையில் விபத்து, கடலில் விழுந்துவிட்டார் என்று விதவிதமாக எழுதிப் பார்த்தேன். அனுப்பத்தான் கை வரவில்லை. பாதியில் நின்றுபோன தொடரைப் பார்த்து நொந்தவள் நான், இன்னொருவரின் கதையைப் பாதியில் நிறுத்த எப்படி மனசு வரும்? தை மாதம் விடுமுறைக்கு வருவதாக அவர் பேரில் எழுதிவைத்தேன். தை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அதற்குள் காவேரிக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன என்று டாக்டர் சொன்னார். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சியைக் கொண்டுபோனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நான் கெஞ்சினால் கேட்கவில்லை. ஜெயக்குமார் சொன்னால் கேட்பாளே என்று வெளியே வராந்தாவுக்கு வந்து நின்று எழுதினேன். ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் தலையில் ஓடவில்லை. "என் கண்ணில்லையா, ரெண்டு வாய் சாப்பிடு. கஞ்சி பிடிக்கலேன்னா மிளகு சாத்தமுது வெச்சுத் தரச் சொல்றேன், அதையாவது குடி" என்று எழுதி அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். அவள் போனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கஞ்சியை வாங்கி முழுக்கக் குடித்தாள். ஜெயக்குமார் சொன்னால் எப்படிக் கேட்கிறாள் பார் என்று எனக்குத்தான் உள்ளூர எரிச்சல்.

குணமாகி வீட்டுக்குப் போன பிறகு, ஒரு காலையில் தளத்தைத் திறந்தால் புதிய 'கோர்வைப் பிழை' வந்திருந்தது. அவள் அதை எழுதி மாதக்கணக்காகியிருந்ததால் ஆசையாகத் திறந்தேன்.

"பாத்திரம்: ஜெயக்குமார். ஊர் சேலம் பக்கம், நெசவுக் குடும்பம். ஆறு வருஷமா ரசம்னு சொன்னவர், நான் ஆஸ்பத்திரில இருந்தப்போ மட்டும் சாத்தமுதுன்னு சொல்றார். யாருமே பாக்கலையா?"

கீழே ஒரு ரசிகர், "எந்த எபிசோடு?" என்று கேட்டிருந்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். அம்மா வழக்கம்போல, "வாடி, இளைச்சுப்போயிட்டியே, தட்டு போடறேன் இரு" என்றாள். காவேரி உட்காரவில்லை. கையில் ஒரு துணிப்பை. சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் ஸுபா. ஆஸ்பத்திரில அந்த மெசேஜ் போட்டியே. பயந்துக்கினே போட்ட மாதிரி இருந்தது. அது யாரு போட்டது? நீயா, அவரா?"

நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஒன்றுமே மிஞ்சாது. "அவர்தான்" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் பையிலிருந்து அரக்குச் சேலையை எடுத்து என் மேஜையில், லேப்டாப்பின் மேலேயே வைத்தாள். "கலர் அவர் சொன்னது. அவர்கிட்டயே குடுத்துடு" என்றாள். செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அம்மா வந்து சேலையைத் தொட்டுப் பார்த்து, "யாருக்குடி கல்யாணம்?" என்று கேட்டாள்.

புகார் கொடுத்தது மயில்வாகனம். காவேரி கொடுக்கவில்லை என்பதை நீங்களே சொன்னீர்கள். சட்டப்படி என்ன எழுத வேண்டுமோ எழுதிவிடுகிறேன்: ஜெயக்குமார் என்று ஒருவர் இல்லை. நீலாம்பாள் இல்லை. அந்தப் பெயர்களில் எழுதியதும் பேசியதும் ஸுபத்ராவாகிய நான். காவேரியின் ஆறு வருஷம் என்னால் போனது. நீங்கள், ஒரு பைசா வாங்காமல் இதை எதற்காகச் செய்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அவள் போகாமல் இருக்கத்தான், மேடம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

ஆனால் நியாயமாகப் பார்த்தால், அவளைக் காத்திருக்கவைத்தது ஜெயக்குமார். ஆசை காட்டியது அவர், தேதி தள்ளிப்போட்டதும் அவர். நான் அந்த ஆறு வருஷமும் அவள் பக்கத்திலேயே இருந்தேன், கண்ணைத் துடைத்துவிட்டேன், கஞ்சி கொடுத்தேன். நேற்று நிர்வாகி என்ற முறையில் ஜெயக்குமாரைத் தளத்திலிருந்து நிரந்தரமாக நீக்கிவிட்டேன். இனி அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

எதையும் விட்டுவிட வேண்டாம் என்று சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். கமலாட்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த நேரத்தில் காவேரி தனியாக இருக்கக் கூடாது. என்னிடம் பேச மாட்டேன் என்கிறாள், யாராவது ஆறுதல் சொல்ல வேண்டாமா? நேற்று மாலை கமலாட்சி அவளுக்கு எழுதினார். நடந்ததைக் கேள்விப்பட்டேன் கண்ணு, மனசில் இருப்பதையெல்லாம் இந்த அம்மாவிடம் கொட்டிவிடு என்று, கடைசியில் கும்பிடும் கையோடு.

காவேரி உடனே பதில் போட்டாள். ஒரே ஒரு வரி. "உங்க வீட்ல ரசத்துக்கு இன்னா பேரு?"

'ரசம்' என்று எழுதிவிட்டேன், மேடம். இந்த முறை தப்பு விடவில்லை.